வேறுபாடு கண்டு சொல்லுதல்



இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையை நிறுவியவர் ஒரு தமிழாசிரியர். பக்கவாதம் வந்து நான்கு ஆண்டுகள் படுக்கையில் கிடந்த தம் தாயாரை வீட்டுக்கு வந்து பார்த்துக்கொண்ட செவிலியர் ஒருவரின் நினைவாகத் தம் ஓய்வூதியப் பணத்திலிருந்து இதை வைத்தாராம். ஆண்டுக்கு ஒரு நாள் தமிழ் படிக்கும் பிள்ளைகளும் செவிலியம் படிக்கும் பிள்ளைகளும் ஒரே அரங்கில் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்பது அவர் வைத்த நிபந்தனை. அழைப்பிதழோடு வந்த கடிதத்தில் இதைப் படித்த பிறகு எனக்கு இரண்டு நாள் வேறு வேலை ஓடவில்லை. 1978-ல் பயிற்சிக்குச் சேர்ந்து 2018-ல் ஓய்வு பெறும் வரை நாற்பது ஆண்டுகள் வார்டுகளில் நின்றவள் நான். இந்த இரண்டு கூட்டத்தாருக்கும் பொதுவாக எதைச் சொல்வது?

காலையில் உங்கள் கல்லூரியைச் சுற்றிக் காட்டினார்கள். செய்முறைக் கூடத்தில் பயிற்சிப் பொம்மை ஒன்று கட்டிலில் படுத்திருக்கிறது. நல்ல பொம்மை. அதன் கையில் ஊசி போட்டுப் பழகலாம், மூக்கில் குழாய் விட்டுப் பழகலாம். அதன் தோல் வெளிர் ரோஜா நிறம். அந்தப் பொம்மையைப் பற்றிப் பிறகு பேசுகிறேன்.

முதலில் ‘செவிலி’ என்ற சொல். நர்ஸ் என்பதற்கு அரசு ஆணையிலும் பெயர்ப் பலகையிலும் இன்று இதைத்தான் எழுதுகிறோம். சங்க அகப்பாடல்களிலிருந்து எடுத்த சொல். பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலித்தாய், செவிலியின் மகள் தோழி. இந்தச் சொல்லைக் கேட்டதும் எல்லோருக்கும் தாயன்புதான் நினைவுக்கு வருகிறது. வாழ்த்துரைகளில் எங்களை அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் அந்தப் பாடல்களில் செவிலி செய்யும் வேலை என்ன என்று தமிழ் மாணவர்களைக் கேளுங்கள். காதல் கொண்ட பெண் மெலிகிறாள், வளை கழல்கிறது, நிறம் மாறுகிறது, உணவு இறங்கவில்லை. அந்த வேறுபாட்டைக் காண்பவள் செவிலி. கண்டதும் தோழியைக் கேட்கிறாள். தோழி உண்மையைச் செவிலிக்குச் சொல்ல, செவிலி நற்றாய்க்குச் சொல்ல, நற்றாய் தந்தைக்கும் தமையன்மாருக்கும் சொல்வாள். இதற்கு இலக்கணக்காரர்கள் வைத்த பெயர் அறத்தொடு நிற்றல். இந்த வரிசையில் ஓர் இடத்தில் பேச்சு நின்றுபோனால் என்ன ஆகும் என்பதற்கும் பாட்டு இருக்கிறது. பெண்ணின் வாட்டத்துக்கு முருகன் அணங்கியதுதான் காரணம் என்று நினைத்து முருகன் பூசாரியான வேலனை அழைத்து வெறியாட்டு நடத்துவார்கள். ஆடு பலியாகும், பெண்ணின் நோய் அப்படியே இருக்கும்.

எனக்கு இது வார்டு போலவே தெரிகிறது. உடம்பில் வந்த மாற்றத்தைப் பக்கத்தில் இருப்பவள் பார்க்கிறாள், சொல்ல வேண்டியவருக்குச் சொல்கிறாள். சொல்லாவிட்டால் தவறான சிகிச்சை நடக்கிறது. திருக்குறளில் மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்காகப் பகுத்து, நோயாளி, மருத்துவர், மருந்து என்பவற்றோடு நோயாளியின் பக்கத்தில் நிற்பவரையும் சேர்த்து எண்ணியிருக்கிறார். பக்கத்தில் நிற்பவருடைய வேலை பார்ப்பது, பார்த்ததைச் சொல்வது. இந்த இரண்டைத்தான் நாற்பது ஆண்டுகள் கற்றுக்கொண்டேன். இரண்டும் கேட்பதற்கு எளிதாக இருக்கும்.

1982. தென்மாவட்டம் ஒன்றில் எனக்கு முதல் பணி, ஆண்கள் வார்டு. பனை ஏறப் போய் விழுந்து முதுகெலும்பு முறிந்த ஒருவரைச் சேர்த்திருந்தார்கள். இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. கிள்ளினாலும் தெரியாது, சூடு பட்டாலும் தெரியாது. மூன்றாம் நாள் காலை, முதுகு பார்த்தாயா என்று ஹெட் சிஸ்டர் கேட்டார்.

“பாத்தேன் சிஸ்டர். செவப்பு ஒண்ணும் இல்ல.”

“நம்ம தோலுல செவப்பு எங்கம்மா தெரியும்? அது புஸ்தகத்துல இருக்கு. வா இங்க. கையத் திருப்பு. புறங்கைய வை.”

அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தோம். இடுப்புக்குக் கீழே, முதுகெலும்பு முடியும் மேட்டில் என் புறங்கையை வைத்தேன். பிறகு நான்கு விரல் தள்ளி வைத்தேன். மறுபடி பழைய இடம். பழைய ஒரு ரூபாய் நாணயம் அளவு இடம் மட்டும் சற்றுச் சூடாக இருந்தது. விரலால் அமுக்கினால் சுற்றியுள்ள சதை மெத்தென்று உள்வாங்கியது, அந்த இடம் வாங்கவில்லை. ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் திருப்பிப் பார்த்தபோதுதான், கறுப்புக்குள் ஒரு நாவற்பழச் சாயல் தெரிந்தது. பத்து நிமிடத்துக்கு முன் அதே இடத்தைப் பார்த்து ஒன்றும் இல்லை என்று சொன்னவள் நான்.

படுக்கைப் புண் எப்படி வருகிறது என்பது செவிலியம் படிப்பவர்களுக்குத் தெரியும். தமிழ் மாணவர்களுக்காகச் சொல்கிறேன். எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவே சதை நசுங்குகிறது. நசுங்கிய இடத்தில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் அடைபடுகின்றன. உங்களுக்கும் எனக்கும் தூக்கத்திலேயே அது உறுத்தும், புரண்டு படுப்போம். உணர்வில்லாதவருக்கு, மயக்கத்தில் இருப்பவருக்கு, புரளத் தெம்பில்லாத முதியவருக்கு அந்த உறுத்தல் வராது. ஆகவே அவருக்காக இன்னொருவர் உறுத்திக்கொள்ள வேண்டும். சேதம் பெரும்பாலும் உள்ளே, எலும்பை ஒட்டித் தொடங்குகிறது. தோல் வெடித்து நாம் கண்ணால் பார்க்கும்போது உள்ளே குழி பறித்திருக்கும். பின்மண்டை, தோள்பட்டை, முழங்கை, இடுப்பு மேடு, குதிகால் எல்லாம் அப்படிப்பட்ட இடங்கள். விரிப்பில் ஒரு மடிப்பு, சிறுநீர் ஈரம், சிந்திய நான்கு பருக்கை சோறு போதும், நிலைமை மோசமாகும்.

அதற்கு அன்றும் இன்றும் முதல் மருந்து திருப்பிப் படுக்க வைப்பது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை வலது, மல்லாக்க, இடது. அந்தப் பனைத் தொழிலாளியின் மனைவிக்கு மணி பார்க்கத் தெரியாது. கட்டிலுக்கு அடியில் இரண்டு டம்ளர் வைத்து, ஒன்றில் 12 புளியங்கொட்டை போட்டுக்கொண்டார். ஒவ்வொரு முறை திருப்பும்போதும் ஒரு கொட்டை அந்த டம்ளரிலிருந்து இந்த டம்ளருக்கு மாறும். காலை ஆறு மணிக்கு நான் டூட்டி முடிக்கும்போது எல்லாக் கொட்டையும் இந்தப் பக்கம் வந்திருக்க வேண்டும். “சிஸ்டர், ராத்திரி ஒண்ணு நிக்குது, நீங்க வரல” என்று ஒரு நாள் என்னிடம் சொன்னார். உண்மைதான். இரண்டு மணிக்குப் புதுக் கேஸ் வந்து நான் போகவில்லை. எந்த மேலதிகாரி கேட்ட கணக்கையும் விட அந்த ஒற்றைப் புளியங்கொட்டை என்னை அதிகம் வெட்கப்பட வைத்தது. நான்கு மாதம் கழித்து அவர் கணவர் வீட்டுக்குப் போனார். நடக்கவில்லை, தூக்கிக்கொண்டுதான் போனார்கள். ஆனால் முதுகில் புண் இல்லை.

கற்றதை மறக்கவும் வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் நாங்கள் ஸ்பிரிட் தடவி, பவுடர் போட்டு, எலும்பு மேடுகளை நன்றாகத் தேய்த்துவிடுவோம். இரத்த ஓட்டம் வரும் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஏற்கெனவே நைந்துபோன சதையைத் தேய்த்தால் சேதம் கூடும் என்று பிற்பாடு தெரிந்தது, நிறுத்திக்கொண்டோம். அன்போடுதான் தேய்த்தோம். அன்பு எங்களைத் தவறிலிருந்து காப்பாற்றவில்லை என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

மும்பை கே.ஈ.எம். மருத்துவமனைச் செவிலியர் அருணா ஷான்பாக் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1973-ல் பணியிடத்திலேயே கொடூரமாகத் தாக்கப்பட்டு, மூளை பாதிக்கப்பட்டு, 2015 மே 18 அன்று இறக்கும் வரை 42 ஆண்டுகள் அதே மருத்துவமனையின் படுக்கையில் இருந்தார். கருணைக் கொலை பற்றிய வழக்காகத்தான் நாடு அவரை நினைவு வைத்திருக்கிறது. 2011-ல் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை விசாரித்தபோது மூன்று மருத்துவர்களை அனுப்பி அவரைப் பரிசோதிக்கச் சொன்னது. அவர் உடம்பில் ஒரு படுக்கைப் புண்கூட இல்லை என்பது அவர்களுடைய அறிக்கையில் இருக்கிறது. அவர் தாக்கப்பட்டபோது பிறந்தே இராத பெண்கள் செவிலியராகி, அதே வார்டுக்கு வந்து, அவரைக் குளிப்பாட்டித் துடைத்துத் திருப்பிப் படுக்க வைத்திருக்கிறார்கள். தீர்ப்பின் சட்டப் பகுதியை வழக்கறிஞர்கள் படிக்கட்டும். செவிலியம் படிக்கும் ஒவ்வொரு பிள்ளையும் படிக்க வேண்டியது அந்த ஒரு வரியை.

இனிச் சொல்லுதல். பார்ப்பதைவிட இது கடினம் என்பது என் அனுபவம்.

1991-ல் ஒரு தாலுகா மருத்துவமனையின் பிரசவ வார்டில் நைட் டூட்டி. மூன்றாவது பிரசவம், சுகப்பிரசவம், குழந்தை பால் குடித்துத் தூங்குகிறது. ஒன்பது மணிக்குத் தாய்க்கு நாடித் துடிப்பு 88. ஒன்பதரைக்குப் பக்கத்தில் போனபோது, “என்னமோ ஒரு மாதிரியா வருது சிஸ்டர்” என்றார். போர்வையை இழுப்பதும் தள்ளுவதுமாக இருந்தார். நாடி 104. வெளியே இரத்தப்போக்கு அதிகம் இல்லை. டூட்டி டாக்டர் குவார்ட்டர்ஸில் இருந்தார். வாட்ச்மேனிடம், பேஷண்ட் ஒரு மாதிரி இருக்கிறார் என்று சொல்லி அனுப்பினேன். சலைன் போடச் சொன்னார், காலையில் பார்க்கிறேன் என்றார் என்று பதில் வந்தது. எனக்குக் கோபம் வந்தது. சலைனை ஏற்றிவிட்டு வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். கல்லுப் போல இறுகியிருக்க வேண்டிய கர்ப்பப்பை தளர்ந்து, தொப்புளுக்கு மேலே ஏறி நின்றது. இரத்தம் உள்ளேயே கட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு கையால் கர்ப்பப்பையைப் பிசைந்துகொண்டே, ஆயாம்மாவை விட்டு இன்னொரு முறை நாடி பார்க்க வாட்சைப் பிடிக்கச் சொன்னேன். 124.

இந்த முறை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அனுப்பினேன். ஒன்பதுக்கு நாடி 88, ஒன்பதரைக்கு 104, பத்துக்கு 124. பி.பி. 110/70. கர்ப்பப்பை தளர்வு, தொப்புளுக்கு மேல். அவ்வளவுதான். அந்த மருத்துவர் செருப்புப் போடாமல் ஓடி வந்தார். கட்டிகளை வெளியேற்றி, மெதர்ஜின் போட்டு, இரத்தத்துக்கு ஆள் அனுப்பி, விடியற்காலையில் நாடி 96-க்கு வந்தது. அந்தத் தாய் பிழைத்தார்.

பல ஆண்டுகள் இந்தக் கதையை, வராத மருத்துவரைப் பற்றிய கதையாகவே மனசுக்குள் வைத்திருந்தேன். பிறகு யோசித்தபோது என் முதல் செய்தியில் என்ன இருந்தது என்று கேட்டுக்கொண்டேன். ஒன்றும் இல்லை. ஒரு மாதிரி இருக்கிறார் என்பது என் கவலை. அதை வைத்துக்கொண்டு தூரத்தில் இருப்பவர் எந்த முடிவுக்கும் வர முடியாது. இளம் தாயின் உடம்பு நிறைய இரத்தத்தை இழக்கும் வரைக்கும் பி.பி.யைத் தாங்கிப் பிடித்துக்கொள்ளும். நாடிதான் முன்னாடியே ஓடத் தொடங்கும். மூன்று எண்களை மணியோடு வரிசையாக எழுதியபோது என் கவலை அவருடைய கவலையாக மாறியது.

செவிலியர் கல்லூரிகளில் விளக்கேற்றும் விழா நடக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் 1854 நவம்பரில் 38 செவிலியரோடு ஸ்குடாரி இராணுவ மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தார், இரவில் விளக்கோடு வலம் வந்தார் என்று சொல்லிக் கொடுக்கிறோம். அவர் கணக்குப் போட்டதைச் சொல்வதில்லை. போர்க் காயத்தால் இறந்தவர்களைவிடத் தடுக்கக்கூடிய தொற்றுநோய்களால் இறந்தவர்கள் எத்தனை மடங்கு என்பதை மாதவாரியாகத் தொகுத்து, அமைச்சர்கள் ஒரே பார்வையில் புரிந்துகொள்ளும்படி வண்ண வரைபடமாக்கி 1858-ல் வெளியிட்டவர் அவர். இந்தியாவுக்கு ஒரு முறைகூட வராமலே, இங்குள்ள இராணுவ முகாம்களின் சுகாதாரத்தைப் பற்றிய தகவல்களைப் பல ஆண்டுகள் திரட்டியவர். விழாவில் பிள்ளைகள் கையில் மெழுகுவர்த்தியோடு ஒரு பென்சிலும் கொடுக்கலாம் என்று நான் மனதாரச் சொல்கிறேன்.

பிறர் உடம்பில் கண்டதைச் சொல்வது ஒன்று. தான் செய்ததைச் சொல்வது வேறு. 1983-ல் ஒரு வார்டில் அடுத்தடுத்த கட்டில்களில் இரண்டு முருகன்கள் இருந்தார்கள். ஒருவருக்குப் பென்சிலின். அதற்கு முன்னால் டெஸ்ட் டோஸ் போட்டு, ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்திருந்தோம். மாலையில் மருந்தைக் கரைத்து எடுத்துக்கொண்டு போய், “முருகன்தானே?” என்று கேட்டேன். ஆமாங்க என்றார். போட்டுவிட்டேன். ஊசியை டிரேயில் வைக்கும்போதுதான் கட்டில் எண் கண்ணில் பட்டது. டெஸ்ட் டோஸே போடாத மற்ற முருகன்.

அந்த நிமிடத்தில் எனக்கு இரண்டு வழி இருந்தது. யாரும் பார்க்கவில்லை. பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் ஆகிறவருக்குச் சில நிமிடங்களில் மூச்சு நின்றுபோகலாம். கால் நடுங்க ஓடிப்போய் ஹெட் சிஸ்டரிடம் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. அட்ரினலினை எடுத்து வைத்தார், டாக்டருக்குச் சொல்லி அனுப்பினார், என்னை அந்தக் கட்டிலின் பக்கத்தில் உட்கார வைத்தார். ஒரு மணி நேரம் அவருடைய நாடியையும் மூச்சையும் பார்த்தபடி இருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. கேஸ் ஷீட்டில் நடந்ததை நடந்தபடி எழுதச் சொல்லி, பிறகுதான் அவர் கேட்டார்.

“நீ அவர்கிட்ட என்னம்மா கேட்ட?”

“முருகன்தானேன்னு கேட்டேன் சிஸ்டர்.”

“வெள்ளைச் சட்டை போட்டவங்க என்ன கேட்டாலும் நம்ம ஜனங்க ஆமாங்கன்னுதான் சொல்லும். பேர் என்னன்னு கேளு. அவங்க வாயால சொல்லட்டும். அப்பா பேரையும் கேளு.”

அதன் பிறகு 35 ஆண்டுகள் நான் யாரிடமும் நீங்கள் இன்னார்தானே என்று கேட்டதில்லை. அன்று அவர் என்னை வார்டு நடுவில் நிறுத்தித் திட்டியிருந்தால், எனக்குப் பிறகு தவறு செய்த எந்தப் பிள்ளையும் வாயைத் திறந்திருக்காது. தவறைச் சொன்ன பிள்ளைக்குத் தண்டனை கொடுக்கும் வார்டில் தவறுகள் குறைவதில்லை, அவை கேஸ் ஷீட்டிலிருந்து மறைந்துபோகின்றன. நான் ஹெட் நர்ஸ் ஆன பிறகு இதை மட்டும் பிடிவாதமாகக் கடைப்பிடித்தேன்.

சொல்லக் கூடாததும் உண்டு. 1986-ல் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவியும் சென்னையில் எச்.ஐ.வி. தொற்றை முதலில் கண்டறிந்தார்கள். அடுத்த பத்தாண்டுகளில் தாம்பரம் சானடோரியம் அந்த நோயாளிகளின் புகலிடம் ஆனது. மற்ற இடங்களில் கேஸ் ஷீட்டின் மேல் சிவப்பு மையால் பெரிதாக எழுதிவைத்த காலம் அது. டூட்டி மாறும்போது கட்டில் ஓரத்தில் நின்று நோயாளியின் நிலையை உரக்கச் சொல்லி ஓவர் கொடுக்கும் பழக்கத்தை நாங்கள் அப்போதுதான் மாற்றிக்கொண்டோம். அடுத்த கட்டிலின் காதில் விழுந்த ஒரு சொல், ஒரு பெண் ஊருக்குத் திரும்பிப் போவதற்குள் அவளுக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்ததை நான் கண்டிருக்கிறேன். செவிலி யாரிடம் சொல்ல வேண்டும் என்பதற்கு ஒரு வரிசை இருக்கிறது. அந்த வரிசைக்கு வெளியே அவள் வாய் திறக்கக் கூடாது.

பார்க்க நேரம் வேண்டும். இதைச் சொல்லாமல் நான் இறங்கினால் எனக்குப் பின்னால் வார்டில் நிற்பவர்களுக்குத் துரோகம். மூச்சு எண்ணிக்கையைக் கேஸ் ஷீட்டுகளில் எடுத்துப் பாருங்கள். எல்லா நோயாளிக்கும், எல்லா வேளையும் 20 என்று எழுதியிருக்கும். உடம்பு சரியத் தொடங்குவதை மிக முன்னதாகக் காட்டும் அடையாளங்களில் ஒன்று மூச்சு. அதை ஏன் எண்ணாமல் எழுதுகிறார்கள்? ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். 50 நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்றால் அதற்கு மட்டும் 50 நிமிடம். அதில் 10 பேர் புரள முடியாதவர்கள் என்றால், ஆளுக்கு ஐந்து நிமிடம் வைத்தாலும் ஒரு சுற்றுத் திருப்ப இன்னொரு 50 நிமிடம், அதுவும் துணைக்கு ஓர் ஆள் கிடைத்தால். இரண்டு மணி நேரத்தில் மிச்சம் 20 நிமிடம். ஊசி, மருந்து, டிரிப், புதுக் கேஸ், பதிவேடு எல்லாம் அதற்குள். போதனை மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர், மற்ற மருத்துவமனைகளில் ஐந்து பேருக்கு ஒருவர், விடுப்புக்கு ஈடாக 30 சதவீதம் கூடுதல் ஆட்கள் என்பது இந்திய செவிலியர் கவுன்சிலின் அளவுகோல். நான் நைட் டூட்டி பார்த்த பெரும்பாலான வார்டுகளில் அதைக் கண்ணால் கண்டதில்லை.

2020-ஐ உலக சுகாதார நிறுவனம் செவிலியர், மகப்பேறு உதவியாளர் ஆண்டாக அறிவித்திருந்தது. அந்த ஆண்டுதான் கொரோனா வந்தது. மார்ச் 22 மாலை நாடே வாசலில் நின்று கைதட்டியது. என் பக்கத்துத் தெருவில் வாடகைக்கு இருந்த நர்ஸ் பெண்ணை அடுத்த வாரமே வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். தேவதை என்றும் தாய் என்றும் சொல்வதை இனி நிறுத்தினால் நன்றாக இருக்கும். தேவதைக்குச் சம்பளம் வேண்டாம், தாய்க்கு விடுப்பு வேண்டாம் என்று எளிதாக முடிவு கட்டிவிடுகிறார்கள். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் செவிலியப் பட்டப்படிப்பு 1946-லேயே தொடங்கிவிட்டது. இது பல்கலைக்கழகத்தில் படித்துப் பெறும் அறிவு என்று நாட்டுக்குத் தெரிந்து அத்தனை காலமாகிறது. அந்த அறிவுக்குரிய ஊதியத்தையும், அதைப் பயன்படுத்தப் போதுமான ஆட்களையும் கொடுங்கள் என்பதுதான் எங்கள் கோரிக்கை.

கல்லூரி முதல்வருக்கு இன்னொரு சிறிய வேண்டுகோள். அந்த ரோஜா நிறப் பொம்மைக்குப் பக்கத்தில், நம் நிறத்தில் ஒன்றும் வாங்கி வையுங்கள். பாடப்புத்தகத்தில் சிவந்த தோல் என்று இருக்கும் இடத்தில், நம் வார்டில் என்ன தெரியும் என்பதையும் எழுதிப் போடச் சொல்லுங்கள். உதடு நீலம் பாய்வது கறுத்த முகத்தில் தெரியாது, நாக்கையும் உதட்டின் உட்புறத்தையும் பார்க்க வேண்டும். காமாலையைக் கண்ணின் வெள்ளையில் தேட வேண்டும். படுக்கைப் புண்ணைக் கையால் தேட வேண்டும்.

அந்தப் பொம்மை வரும் வரை நான் இருக்கிறேன். இவ்வளவு நேரமாக இந்த மேசையில் ஒரு முழங்கையை ஊன்றியபடிதான் பேசிக்கொண்டிருக்கிறேன். நன்றியுரை முடிந்ததும் செவிலியம் படிக்கும் பிள்ளைகள் ஒவ்வொருவராக மேலே வாருங்கள், தமிழ் மாணவர்களும் வரலாம். கண்ணை மூடிக்கொண்டு, புறங்கையை என் இரண்டு முழங்கையிலும் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். எந்தக் கை என்று நான் சொல்ல மாட்டேன்.